அரசன் கையிலிருந்து நாட்காட்டிக்கு: தோராவின் கடன் விடுதலைக் கட்டளை

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் செப்பம் செய்யப்பட்ட எழுத்து வடிவம்)



எபிரேய வேதத்தின் முதல் ஐந்து நூல்களான தோராவில் 613 கட்டளைகள் உள்ளன என்பது யூத மரபின் கணக்கு. ரபி சிம்லாய் என்பவர் சொன்னதாக, யூத அறிஞர்களின் சட்ட விவாதத் தொகுப்பான பாபிலோனியத் தல்மூத் அதைப் பதிவு செய்திருக்கிறது. எவற்றையெல்லாம் சேர்த்தால் அந்த எண் வரும் என்பதில் இடைக்கால அறிஞர்கள் ஒத்துப்போகவில்லை. ஒவ்வொருவரும் ஒரு பட்டியல் போட்டார்கள். அவற்றுள் பெரிதும் மதிக்கப்படுவது 12ஆம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த மைமோனிடிஸ் வகுத்தது. அந்தப் பட்டியலில் ஒரே விஷயத்துக்கு மூன்று கட்டளைகள் இடம்பெறுகின்றன. ஏழாம் ஆண்டில் கடனை விட்டுவிட வேண்டும். விட்ட கடனைத் திருப்பிக் கேட்கக் கூடாது. ஏழாம் ஆண்டு நெருங்குகிறதே என்று அஞ்சிக் கடன் கொடுக்க மறுக்கவும் கூடாது.

இந்த மூன்றாவது கட்டளைதான் இன்றைய பேச்சுக்கு வித்து. தன்னை நடைமுறைப்படுத்தினால் மக்கள் எந்த வழியில் நழுவுவார்கள் என்று ஒரு சட்டமே முன்கூட்டி அறிந்து, அந்த வழியிலும் வேலி போடுகிறது. பழங்காலச் சட்டத் தொகுப்புகளில் இப்படிப்பட்ட இடம் அரிது. இங்கே எழுதியவருக்குக் கடன் சந்தை தெரிந்திருக்கிறது. பணம் வைத்திருப்பவரின் மனமும் தெரிந்திருக்கிறது.

இவ்வுரையின் வாதம் இதுதான். கடனை ரத்து செய்யும் வழக்கம் தோராவுக்கு வெகு காலம் முன்பே மேற்காசியாவில் இருந்தது; மெசபொத்தேமிய அரசர்கள் அதைத் திரும்பத் திரும்பச் செய்தார்கள். தோரா செய்த புதுமை, அந்த அதிகாரத்தை அரசனிடமிருந்து எடுத்து நாட்காட்டியிடம் ஒப்படைத்தது. கடன் கொடுப்போர் கையை மூடிக்கொண்டது, ஹில்லேல் என்ற அறிஞர் புதியதொரு பத்திரத்தை வகுத்தது, அந்தப் பத்திரம் சரியா தவறா என்று பின்வந்தோர் சண்டையிட்டது எல்லாமே அந்த ஒரு மாற்றத்திலிருந்து கிளைத்தவை.

1. கையிலிருந்து நழுவவிடுதல்

உபாகமம் 15ஆம் அதிகாரம் இந்தக் கடன் விடுதலைக்குச் சூட்டும் பெயர் 'ஷெமிட்டா'. அதன் வேர்ச்சொல் ஷ-ம-ட். எபிரேய வேதத்தில் மிகச் சில இடங்களிலேயே வரும் இந்த வினை, அவற்றுள் சிலவற்றில் உடலோடு ஒட்டிய பொருளில் வருகிறது. 2 இராஜாக்கள் 9ஆம் அதிகாரத்தில் யெகூ அரண்மனை வாயிலில் நின்றபடி, மேல் சன்னலில் நிற்கும் யேசபேல் அரசியைக் கீழே விடும்படி பணியாளர்களுக்கு ஆணையிடுகிறான். அங்கே வருவது இந்த வினைதான். 2 சாமுவேல் 6இல் உடன்படிக்கைப் பெட்டியை இழுத்து வந்த மாடுகள் களத்தருகே தடுமாறுவதாகச் சொல்லும்போதும் இதே வினை. பிடி விடுபட்டுக் கீழே போவது என்பதுதான் அடிப்படைப் பொருள்.

யாத்திராகமம் 23ஆம் அதிகாரத்தில் இந்த வினை நிலத்தோடு சேர்கிறது. ஆறு ஆண்டு விதைத்து அறுக்கலாம். ஏழாம் ஆண்டில் நிலத்தைப் 'பிடி விட்டுவிட' வேண்டும். தானாக விளைவதை ஏழைகள் உண்பார்கள், அவர்கள் விட்டதைக் காட்டு விலங்குகள் தின்னும். கடனைப் பற்றி அங்கே பேச்சே இல்லை. உபாகமம் அதே வினையை எடுத்து வயலிலிருந்து கடனுக்கு மாற்றுகிறது. நிலத்தைத் தரிசாகப் போடுவதைப் பற்றி அது வாய் திறப்பதில்லை. லேவியராகமம் 25 நிலத்தின் ஓய்வை விரிவாகப் பேசுகிறது. அங்கே கடன் விடுதலையும் இல்லை, ஷெமிட்டா என்ற சொல்லும் இல்லை. நிலத்துக்கான 'ஷபாத்' என்றே அது சொல்கிறது.

ஆக, ஏழாம் ஆண்டுக் கட்டளை என்று இன்று ஒரே மூச்சில் சொல்லப்படுவது மூன்று சட்டப் பகுதிகளில் மூன்று வடிவம் எடுக்கிறது. யூத மரபு மூன்றையும் சீனாய் மலையில் மோசே வழியே வந்த ஒரே வெளிப்பாடாகக் கொள்கிறது. வரலாற்று ஆய்வாளர்கள் பலர் இவற்றை வெவ்வேறு காலத்துத் தொகுப்புகள் என்கிறார்கள். உபாகமத்தின் மையப் பகுதியை யூதா நாட்டு யோசியா மன்னனின் கி.மு. 622 சீர்திருத்தத்தோடு இணைத்துப் பார்ப்பது, 1805இல் ஜெர்மன் அறிஞர் டி வெட்டே எழுதியதிலிருந்து தொடரும் ஆய்வு வழி. இரண்டு பார்வையில் எதை ஏற்றாலும், மூன்று பகுதிகளும் ஒரே விஷயத்தைச் சொல்லவில்லை என்பதை வாசகர் தம் கண்ணால் காணலாம்.

உபாகமம் 15ஐ எபிரேயத்தில் வாசிப்பவருக்கு இன்னொன்றும் கண்ணில் படும். 'யாத்', அதாவது கை என்னும் சொல், அந்தப் பகுதி முழுவதும் திரும்பத் திரும்ப வருகிறது. கடன் கொடுத்தவன், கையில் கடனைப் பிடித்திருப்பவன் என்று அழைக்கப்படுகிறான். உன் கை விட்டுவிடட்டும் என்கிறது அடுத்த வசனம். பிறகு, ஏழைச் சகோதரனுக்கு எதிரே கையை மூடாதே, கையைத் திற என்று வற்புறுத்துகிறது. கடன் அங்கே ஏட்டில் எழுதிய எண்ணாக நினைக்கப்படவில்லை. ஒருவன் கையில் இன்னொருவனின் வாழ்வு சிக்கியிருக்கும் நிலையாகவே நினைக்கப்படுகிறது. மொழிபெயர்ப்புகளில் இந்தக் கை பல இடங்களில் காணாமல் போய்விடுகிறது. அதனால்தான் சட்டம் வறண்டதாகத் தெரிகிறது.

2. பாபிலோனின் பொன் தீவட்டி

கி.மு. 2400 அளவில் சுமேரிய நகரமான லகாஷை ஆண்ட என்மெதெனா, தன் மக்களுக்குக் கடனிலிருந்து 'அமர்கி' அளித்ததாகக் களிமண் கூம்புகளில் பொறித்து வைத்தான். தாயிடம் திரும்புதல் என்பது அந்தச் சுமேரியச் சொல்லின் நேர்ப்பொருள். கடனுக்கு ஈடாகப் பிள்ளைகள் கடன் கொடுத்தவன் வீட்டில் வேலைக்கு நிற்பது அந்தச் சமூகத்தின் அன்றாடம். பிள்ளையைத் தாயிடமும் தாயைப் பிள்ளையிடமும் சேர்த்ததாக அரசன் சொல்லிக்கொள்வது அலங்காரப் பேச்சன்று.

அக்காடிய மொழியில் இதே கருத்துக்கு 'அந்துராரும்' என்று பெயர். லேவியராகமம் 25இல் ஐம்பதாம் ஆண்டில் நாடெங்கும் அறிவிக்கச் சொல்லும் 'தெரோர்' என்ற எபிரேயச் சொல் இதன் உறவுச் சொல். அமெரிக்காவின் பிலடெல்பியா நகர மணியில் பொறிக்கப்பட்டிருப்பது இந்த வசனம்தான். அங்கே அது அரசியல் சுதந்திரத்தைக் குறிப்பதாக வாசிக்கப்படுகிறது. அக்காடியத்தின் துணையோடு வாசித்தால் அதன் பழைய பொருள் மிகத் துல்லியமானது: கடனால் அடிமையானவர் தம் குடும்பத்துக்கும், கடனால் கைமாறிய நிலம் பழைய உரிமையாளருக்கும் திரும்புவது.

பழைய பாபிலோனிய அரசர்கள் இதை ஆணையாகவே வெளியிட்டார்கள். 'மீஷாரும்', அதாவது நேர்செய்தல், என்பது அந்த ஆணையின் பெயர். ஹம்முராபி தன் 43 ஆண்டு ஆட்சியில் பல முறை மீஷாரும் அறிவித்தான். அவனுடைய எள்ளுப்பேரன் அம்மி-சதூகா, அரியணை ஏறியதும் வெளியிட்ட ஆணை ஓரளவு முழுமையாகவே கிடைத்திருக்கிறது. பரவலாக ஏற்கப்படும் காலக்கணக்கில் அது கி.மு. 1646. எஃப். ஆர். கிராவுஸ் 1958இல் அதைப் பதிப்பித்த பிறகே, இந்த அரசர்கள் சொன்னது வெறும் பெருமைப் பேச்சா, செயலா என்ற சந்தேகம் தீர்ந்தது.

அந்த ஆணையின் நுணுக்கம் வியக்க வைக்கிறது. வட்டிக்குக் கொடுத்த வாற்கோதுமையும் வெள்ளியும் தள்ளுபடி. அவற்றுக்கான களிமண் பத்திரம் செல்லாது. ஆணைக்குப் பிறகும் பலவந்தமாக வசூலித்தவன் அதைத் திருப்பித் தராவிட்டால் மரண தண்டனை. வட்டிக் கடனை விற்பனை என்றோ வைப்பு என்றோ பத்திரத்தில் மாற்றி எழுதியிருந்தால் அந்தத் தந்திரமும் செல்லாது. ஆனால் வணிகத்துக்காகவோ கூட்டு முதலீட்டுக்காகவோ கொடுத்த பணம் அப்படியே நிற்கும். அரசனின் அக்கறை வயிற்றுக்காக வாங்கிய கடன் மீது. அக்காலத்தில் வெள்ளிக் கடனுக்கு வட்டி ஐந்தில் ஒரு பங்கு, வாற்கோதுமைக் கடனுக்கு மூன்றில் ஒரு பங்கு. ஒரு விளைச்சல் பொய்த்தால் அடுத்த அறுவடை முழுவதும் கடன் கொடுத்தவன் களஞ்சியத்துக்குப் போய்விடும். போர்வீரனும் வரி கட்டும் உழவனும் அடிமையாகிவிட்டால் அரசனுக்கே ஆளில்லை. இரக்கமும் கணக்கும் சேர்ந்துதான் மீஷாரும் பிறந்தது.

சிப்பார் நகரத்து முறையீட்டு மடல் ஒன்று இந்த ஆணை வந்த நாளைக் காட்டுகிறது. அரசன் நகரத்துக்காகப் பொன் தீவட்டியை உயர்த்துகிறான்; அதுவே அறிவிப்பு. அதிகாரிகள் பத்திரங்களைக் கொண்டுவரச் சொல்லிப் படித்துப் பார்த்து, செல்லாதவற்றை உடைக்கிறார்கள். தான் வாங்கிய வீட்டின் பத்திரத்தையும் உடைத்துவிட்டார்களே என்று மடலை எழுதியவர் குமுறுகிறார்.

தீவட்டி எப்போது உயரும் என்பது யாருக்கும் தெரியாது. இந்த வழக்கத்தின் உயிரே அதில்தான் இருந்தது. கடன் கொடுப்பவர்கள் தேதியைக் கணித்துப் பணத்தைப் பதுக்க வழியில்லை. ஆணை வந்து முடிந்த பிறகு எழுதும் பத்திரங்களில், இது அரச ஆணைக்குப் பின் கொடுத்த கடன் என்று ஒரு வரி சேர்த்துக்கொள்வதுதான் அவர்களால் முடிந்தது. அப்படிப்பட்ட பத்திரங்கள் அகழாய்வில் கிடைத்துள்ளன.

3. எருசலேமில் ஒரு மீஷாரும்

அரசன் நினைத்தால் விடுதலை என்ற அதே முறை எருசலேமிலும் ஒரு முறை நடந்தது. எரேமியா 34ஆம் அதிகாரம் அதைச் சொல்கிறது. பாபிலோனிய அரசன் நேபுகாத்நேச்சாரின் படை நகரை முற்றுகையிட்டிருந்த வேளை அது, கி.மு. 588 அளவு. யூதா அரசன் சிதேக்கியா மக்களோடு உடன்படிக்கை செய்து எபிரேய அடிமைகளுக்குத் தெரோர் அறிவித்தான். லேவியராகமத்தின் அதே சொல். பிரபுக்கள் அடிமைகளை விடுவித்தார்கள். எகிப்தியப் படை வருகிறது என்று கேள்விப்பட்டுப் பாபிலோனியர் முற்றுகையைச் சற்றே விலக்கினார்கள். ஆபத்து நீங்கியது என்று எண்ணிய பிரபுக்கள் விடுவித்தவர்களையே மீண்டும் பிடித்து அடிமையாக்கிக்கொண்டார்கள்.

எரேமியா தீர்க்கதரிசியின் கோபம் அந்த அதிகாரத்தில் கொதிக்கிறது. நீங்கள் தெரோர் அறிவிக்கவில்லை, ஆகவே உங்கள் மீது வாளுக்கும் கொள்ளைநோய்க்கும் பஞ்சத்துக்கும் தெரோர் அறிவிக்கப்படுகிறது என்று அந்தச் சொல்லையே திருப்பி அவர்கள் மேல் எறிகிறார். சில மாதங்களில் நகரம் விழுந்தது.

அரசன் தரும் விடுதலையை அரசனைச் சூழ்ந்தவர்கள் திருப்பி எடுத்துக்கொள்ளலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

4. தேதி குறித்த விடுதலை

உபாகமம் 15இல் அரசனைத் தேடிப் பாருங்கள், இல்லை. தீவட்டி இல்லை, அரியணை ஏறும் விழா இல்லை. ஏழு ஆண்டு முடிவில் என்று ஒரு காலம் மட்டும் இருக்கிறது. இரண்டு அதிகாரம் தள்ளி, 17இல், அரசனைப் பற்றிய சட்டம் வருகிறது. அங்கே அவனுக்கு விதிக்கப்பட்ட வேலை இந்தத் தோராவின் பிரதி ஒன்றை எழுதி வைத்துக்கொண்டு வாழ்நாளெல்லாம் வாசிப்பது. சட்டம் தருபவனாக இருந்த மேற்காசிய அரசன் இங்கே சட்டம் படிக்கும் மாணவனாகிவிட்டான். ஏழை விடுதலை பெற அரசனின் மனம் இளக வேண்டியதில்லை. ஆண்டு திரும்பினால் போதும். இந்தத் துணிவுக்கு ஈடாக அக்கால மேற்காசியாவில் வேறொன்றைக் காட்டுவது கடினம்.

இதற்கு ஒரு விலை இருந்தது. அது சட்டத்தின் உள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது. தேதி தெரிந்துவிட்டால் ஐந்தாம் ஆண்டிலும் ஆறாம் ஆண்டிலும் யார் கடன் கொடுப்பார்கள்? ஒன்பதாம் வசனம் அந்த எண்ணத்தை மனத்துக்குள்ளேயே போய்ப் பிடிக்கிறது. ஏழாம் ஆண்டு அருகில் வந்துவிட்டது என்று உள்ளத்தில் கெட்ட நினைவு தோன்றி, ஏழைச் சகோதரன் மீது கண் கெட்டுப்போக இடம் கொடாதே என்கிறது. தண்டனை எதையும் அது விதிக்கவில்லை. கடன் கொடுக்க மறுத்தவனை எந்த நீதிமன்றம் தண்டிக்கும்? அந்த ஏழை இறைவனை நோக்கிக் கூப்பிடுவான், அது உன்மேல் பாவமாகும் என்பதே அதன் எச்சரிக்கை. பாபிலோனிய ஆணையில் மரண தண்டனை இருந்த இடத்தில் இங்கே மனச்சாட்சி நிற்கிறது. அதே அதிகாரம் நான்காம் வசனத்தில் உன் நடுவே ஏழை இருக்க மாட்டான் என்றும், பதினோராம் வசனத்தில் நாட்டில் ஏழைகள் அற்றுப்போக மாட்டார்கள் என்றும் சொல்வதை முரண்பாடு என்று சிலர் தள்ளிவிடுவார்கள். எட்ட வேண்டிய நிலையையும் நிற்கும் நிலையையும் அருகருகே வைக்கும் எழுத்து அது.

மறைக்கக் கூடாத ஒன்று இருக்கிறது. மூன்றாம் வசனம் அயலானிடம், 'நொக்ரி'யிடம், கடனை வசூலிக்கலாம் என்கிறது. ஊரோடு தங்கி வாழும் பிறகுலத்தானுக்கு எபிரேயத்தில் 'கேர்' என்ற வேறு சொல் உண்டு. நொக்ரி என்பவன் வந்து போகிறவன், பெரும்பாலும் வணிகன். பாபிலோனிய ஆணை வணிகப் பணத்தை விலக்கி வைத்ததோடு இதைச் சேர்த்துப் பார்த்தால் தர்க்கம் புரிகிறது. ஆனாலும், பின்வந்த நூற்றாண்டுகளில் இந்த வேறுபாடு ஐரோப்பாவில் யூதர்களுக்கும் கிறித்தவர்களுக்கும் இடையே பெருங்கசப்புக்கு இடம் கொடுத்தது. தோராவை நேசித்து வாசிப்பவர் இந்த வசனத்தைத் தாண்டிக் குதித்துப் போக முடியாது.

5. நடந்ததா?

மாணவர்கள் எப்போதும் கேட்கும் கேள்வி இது, நியாயமான கேள்வி. விடையைச் சில்லுகளாகத்தான் தர முடியும், சில இடங்களில் சொல்லின் நேர்ப்பொருளிலேயே.

யவ்னே-யாமுக்குத் தெற்கே கடலோரத்தில் மெசாத் ஹஷவ்யாகு என்ற சிறு கோட்டையில் 1960இல் தொல்லியலாளர் யோசேப் நவே எபிரேய எழுத்துள்ள பானைச் சில்லு ஒன்றைக் கண்டெடுத்தார். கி.மு. 7ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது. அறுவடைக் கூலி ஒருவர் தலைவரிடம் முறையிடுகிறார்: அளந்து சேர்த்து வைத்துவிட்டேன், ஆனாலும் ஷோபாயின் மகன் ஹோஷயாகு என் மேலாடையைப் பிடுங்கிக்கொண்டான், உடன் அறுத்தவர்கள் எனக்காகச் சாட்சி சொல்வார்கள். யாத்திராகமம் 22, அடகாக வாங்கிய மேலாடையைப் பொழுது சாய்வதற்குள் திருப்பித் தரச் சொல்கிறது. அதுவே அவனுக்குப் போர்வை, வேறெதைப் போர்த்திப் படுப்பான் என்று கேட்கிறது. அடகுத் துணிகளை விரித்துப் பலிபீடங்களின் அருகே படுக்கிறார்கள் என்று ஆமோஸ் தீர்க்கதரிசி சாடினார். சில்லில் பேசும் கூலி எந்தச் சட்டத்தையும் மேற்கோள் காட்டவில்லை. எடுத்தது அடகாகவா தண்டமாகவா என்பதில் ஆய்வாளர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் சட்டம் யாருக்காகப் பேசியதோ அந்த மனிதரின் குரல் அந்தச் சில்லில் கேட்கிறது.

எகிப்தின் எலிபன்டைன் தீவில் கி.மு. 5ஆம் நூற்றாண்டில் இருந்த யூதக் குடியிருப்பு வேறொரு காட்சி. அங்கே யெகோகென் என்ற பெண் ஸக்கூரின் மகன் மெஷுல்லாமிடம் 4 ஷெக்கெல் வெள்ளி கடன் வாங்கிய பப்பைரஸ் கிடைத்திருக்கிறது. வட்டி மாதம் நூற்றுக்கு ஐந்து. கட்டாத வட்டி முதலோடு சேர்ந்து தானும் வட்டி ஈட்டும். வட்டிக்கு அங்கே எழுதியிருக்கும் 'மர்பித்' என்ற சொல், லேவியராகமம் 25 தடை செய்யும் அதே சொல். ஷெமிட்டாவைப் பற்றி ஒரு வரியும் இல்லை. யூதர்கள் எல்லோரும் எல்லா இடத்திலும் ஒரே தோராவைக் கையில் வைத்திருந்தார்கள் என்ற எண்ணத்தை இந்தப் பப்பைரஸ்கள் கலைத்துவிட்டன.

ஏறக்குறைய அதே காலத்தில் எருசலேமில் நெகேமியா ஆளுநராக இருந்தார். வயலையும் திராட்சைத் தோட்டத்தையும் வீட்டையும் அடகு வைத்துத் தானியம் வாங்கினோம், அரசனின் வரிக்குக் கடன் வாங்கினோம், எங்கள் பெண்பிள்ளைகள் ஏற்கெனவே அடிமையாகிவிட்டார்கள் என்று மக்கள் ஓலமிட்டபோது, அவர் பிரபுக்களைக் கூட்டி அடமானங்களைத் திருப்பிக் கொடுக்க வைத்தார். அவர் நூலின் 10ஆம் அதிகாரத்தில் மக்கள் ஒப்பமிட்ட உறுதிமொழியில் ஏழாம் ஆண்டு நில ஓய்வும் கடன் விடுதலையும் முதன்முறையாக ஒரே வரியில் சேர்கின்றன. கடனைக் குறிக்க அந்த வரியிலும் கை என்ற சொல் வருகிறது.

அதற்குப் பிறகு நில ஓய்வுக்குச் சான்று பெருகுகிறது. கி.மு. 2ஆம் நூற்றாண்டில் பெத்சூர் கோட்டை வீழ்ந்தது ஏழாம் ஆண்டில் உணவு இருப்பு இல்லாததால் என்கிறது மக்கபேயர் முதல் நூல். ஏழாம் ஆண்டில் யூதர்களுக்கு வரி வேண்டாம் என்று ஜூலியஸ் சீசர் விலக்கு அளித்ததை யூத வரலாற்றாசிரியர் யோசேபுஸ் பதிவு செய்கிறார். ரோமப் பேரரசின் வருவாய்க் கணக்கிலேயே இடம்பிடித்த கட்டளை வெறும் ஏட்டுச் சுரைக்காய் அல்ல.

கடன் விடுதலைக்கு நேர்ச் சான்று யூதேயப் பாலைவனத்தின் வாதி முரப்பாத் குகைகளில் கிடைத்தது, 1961இல் பதிப்பானது. நீரோ பேரரசனின் இரண்டாம் ஆண்டில், கி.பி. 55-56இல், 20 சூஸ் கடனுக்கு எழுதிய அரமேயப் பத்திரம். அது ஷெமிட்டா ஆண்டாகவே இருந்தாலும் கடனைத் தீர்ப்பேன் என்று கடன் வாங்கியவர் உறுதி தருகிறார். ஒரு சட்டத்தைச் சுற்றிப் போக வழி எழுதுகிறார்கள் என்றால், அந்தச் சட்டத்துக்கு இன்னும் பல் இருந்தது என்று பொருள்.

6. ஹில்லேலின் பத்திரம்

ஏரோது ஆண்ட காலத்தில் எருசலேமில் வாழ்ந்தவர் ஹில்லேல். தல்மூத்துக்கு அடித்தளமான சட்டத் தொகுப்பு மிஷ்னா; அதன் ஷெவியித் பகுதி 10ஆம் அதிகாரம் அவர் செய்ததைச் சுருக்கமாகச் சொல்கிறது. மக்கள் ஒருவருக்கொருவர் கடன் கொடுக்காமல் நிறுத்திவிட்டதை அவர் கண்டார், தோரா எச்சரித்த அந்த எண்ணமே ஊரெங்கும் பரவியதைக் கண்டார், ப்ரோஸ்பூலை ஏற்படுத்தினார்.

ப்ரோஸ்பூல் என்பது ஓர் ஒப்படைப்புப் பத்திரம். கடன் கொடுத்தவர், தமக்கு வர வேண்டிய கடன்களையெல்லாம் எப்போது வேண்டுமானாலும் வசூலிக்கும்படி இன்ன ஊரின் நீதிபதிகளிடம் ஒப்படைப்பதாக எழுதுவார். கீழே நீதிபதிகளோ சாட்சிகளோ கையெழுத்திடுவார்கள். இதற்கு அடிப்படை ஒரு பழைய விதி: நீதிமன்றத்திடம் பத்திரம் ஒப்படைக்கப்பட்ட கடனை ஏழாம் ஆண்டு விடுவிப்பதில்லை. உன் கை விடட்டும் என்றுதானே தோரா சொன்னது? கடன் இப்போது அவர் கையில் இல்லை, நீதிமன்றத்தின் கையில் இருக்கிறது. அந்தப் பழைய 'யாத்' இல்லாமல் இந்த வழி திறந்திருக்காது.

விதிகளும் விரிந்தன. கடைப் பற்றும் கூலிப் பாக்கியும் முதலிலிருந்தே ஷெமிட்டாவுக்கு உட்படாதவை. ப்ரோஸ்பூல் எழுதக் கடன் வாங்கியவருக்குக் கொஞ்சமாவது நிலம் இருக்க வேண்டும். துளி நிலமும் இல்லாதவருக்குக் கடன் கொடுத்தவரே தம் நிலத்தில் ஒரு சிறு பங்கைத் தந்து அந்த நிபந்தனையை நிறைவேற்றலாம்.

ப்ரோஸ்பூல் கிரேக்கத்திலிருந்து வந்த சொல். தல்மூத்தில் ரவ் ஹிஸ்தா அதைப் பிரித்துப் பார்த்து, பணக்காரருக்கும் ஏழைக்கும் ஆன ஏற்பாடு என்று விளக்கினார்: பணம் காப்பாற்றப்படுவதால் பணக்காரருக்கு நன்மை, கதவு அடைபடாததால் ஏழைக்கு நன்மை. சொல்லாராய்ச்சியாக அது நிற்காது. சமூக ஆராய்ச்சியாக மிகச் சரியானது.

எல்லோரும் ஏற்கவில்லை. தோராவின் கட்டளை ஒன்றை ஓர் அறிஞர் வேரோடு பிடுங்கலாமா என்று தல்மூத்தின் கித்தீன் பகுதி நேரடியாகவே கேட்கிறது. பாபிலோனிய அறிஞர் அபாயே ஒரு விடை சொல்கிறார்: யோவேல் எனப்படும் ஐம்பதாம் ஆண்டு நடைமுறையில் இல்லாத காலத்தில் ஷெமிட்டாவே அறிஞர்கள் தொடர்ந்து வைத்த ஏற்பாடு, ஆகவே அவர்கள் அதைத் தளர்த்தலாம். ராவா வேறு விடை சொல்கிறார்: ஒருவரின் உடைமையை உரிமையற்றதாக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. தல்மூத் அறிஞர் சாமுவேல் ப்ரோஸ்பூலை நீதிபதிகளின் 'உல்பானா' என்று அழைத்து, தமக்கு வலிமை இருந்தால் ஒழித்துவிடுவதாகச் சொன்னார். ரவ் நஹ்மானோ அதை இன்னும் வலுப்படுத்துவேன் என்றார். அந்த உல்பானா துணிச்சலான மீறலைக் குறிக்கிறதா, நீதிபதிகளின் வசதியைக் குறிக்கிறதா என்றும் தல்மூத் விசாரிக்கிறது.

ஹில்லேல் தோராவைத் தோற்கடித்தார் என்போர் உண்டு. இவ்வுரை அவர்களோடு உடன்படவில்லை. மூன்று கட்டளைகளில் முதலிரண்டையும் காப்பாற்றப் போனால் மூன்றாவது நாள்தோறும் மீறப்படும் என்ற நிலை வந்தபோது, அவர் மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தார். பசித்தவன் முன் கை திறந்திருக்க வேண்டும் என்பதே அந்த அதிகாரத்தின் நெஞ்சு என்று அவர் வாசித்தார். அதே வேளை ஷெமிட்டாவை அவர் நீக்கவில்லை. ஒவ்வொரு ஏழாண்டிலும் கடன் கொடுத்தவர் நீதிபதிகள் முன் போய், விட வேண்டிய கடன் ஒன்று தம்மிடம் இருப்பதை எழுத்தில் ஒப்புக்கொண்டாக வேண்டும். செப்டம்பர் 2022இல் முடிந்த ஷெமிட்டா ஆண்டிலும் கட்டளைகளைப் பேணும் யூதர்கள் ப்ரோஸ்பூலில் கையெழுத்திட்டார்கள். அடுத்த சுற்று 2028-29. 1909-10இல் யாப்பாவின் ரபி கூக் நிலத்தைப் பெயரளவில் யூதரல்லாதவருக்கு விற்று ஏழாம் ஆண்டிலும் உழ அனுமதித்தபோது எழுந்த வாக்குவாதமும் இதே அச்சில்தான் சுழன்றது, இன்றும் ஓயவில்லை.

7. 'இருந்தாலும்'

கடைசியாக ஒரு விதி. ப்ரோஸ்பூல் எழுதப்படாத கடன். ஏழாம் ஆண்டு கடந்துவிட்டது. கடன் வாங்கியவர் தாமாகவே பணத்தைக் கொண்டுவருகிறார். கொடுத்தவர் என்ன செய்ய வேண்டும்? விட்டுவிட்டேன் என்று அவர் சொல்லியாக வேண்டும் என்கிறது மிஷ்னா. இருந்தாலும் வைத்துக்கொள்ளுங்கள் என்று வாங்கியவர் சொன்னால் மட்டும் அவர் வாங்கிக்கொள்ளலாம். அப்படித் திருப்பித் தருபவரை அறிஞர்கள் மனமகிழ்ந்து பார்க்கிறார்கள் என்றும் அது சேர்க்கிறது.

பாபிலோனியாவின் பெரிய ஆசிரியர் ரப்பாவுக்கு அபா பார் மார்த்தா என்பவர் பணம் தர வேண்டியிருந்தது. ஏழாம் ஆண்டில் அவர் பணத்தோடு வந்தார். ரப்பா விதிப்படி, விட்டுவிட்டேன் என்றார். அபா பார் மார்த்தா பணத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். பிறகு அங்கே வந்த அபாயே ஆசிரியரின் முகவாட்டத்தைக் கண்டு காரணம் கேட்டறிந்தார். நேரே அபா பார் மார்த்தாவிடம் போய், பணம் கொண்டுபோனீரா, அவர் என்ன சொன்னார், 'இருந்தாலும்' என்று நீர் சொன்னீரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். சொல்லவில்லை என்றார் அவர். அதைச் சொல்லியிருந்தால் வாங்கியிருப்பார், இப்போது போய்க் கொடுத்து அந்தச் சொல்லைச் சொல்லும் என்று அனுப்பினார் அபாயே. அவர் போய்ச் சொன்னார். ரப்பா பணத்தை வாங்கிக்கொண்டு, படித்தவருக்கு இது முதலிலேயே தெரியாமல் போயிற்றே என்றார்.